ஹாலில் இருந்த ஒரே பிளக்

இந்த நாட்டில் மின்சாரம் போவதே இல்லை. ஹாம்புர்க் வந்து ஏழு வருடம் ஆகிறது. கரண்ட் போனதென்று அடுப்பில் இருக்கும் மின் கடிகாரத்தை ஒரு தடவைகூட நான் திருத்தி வைத்ததில்லை. தேனி அல்லிநகரத்தில் எங்கள் வீட்டில் மலைப்பக்கம் ஒரு மின்னல் வெட்டினால் போதும், ஆளுக்கொரு பிளக்காக ஓடிப் பிடுங்குவோம். அண்ணன் லோயர் கேம்ப்பில் மின்நிலையத்தில் வேலை பார்க்கிறார். கரண்ட் போகும்போதெல்லாம் தெருவே அவரைத்தான் கேலி பண்ணும். அத்தனைக்கும் தப்பிய கணினிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். மின்சாரம் ஒரு நிமிடம்கூட நிற்காத இந்த ஊரில்தான் என் கணினி செத்தது.

பழுது பார்க்கவும் இங்கே ‘தெர்மின்’ வாங்க வேண்டும், அதாவது முன்கூட்டியே நேரம் குறிக்க வேண்டும். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதை எடுக்க முடியாது, வேறெங்காவது நகல் இருக்கிறதா என்று கேட்டார். இந்தியாவில் இருக்கிறது என்றேன். ஏதோ பெரிய நிறுவனத்தின் சேமிப்பகம் என்று நினைத்துக்கொண்டு, நல்ல ஏற்பாடு என்று பாராட்டினார். அது அண்ணன் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கறுப்புப் பெட்டி என்று நான் விளக்கவில்லை. ஊருக்குப் போனபோது நானே வாங்கி மாட்டிவிட்டு வந்தது. இங்கே கணினியில் நான் எதைச் சேமித்தாலும் இணையம் வழியே அங்கே ஒரு நகல் போய்ச் சேரும். என்னில் ஒரு பங்காவது ஊரில் இருக்கட்டும் என்ற வீம்புதான். ஆனால் இப்போது அதில்தான் எல்லாம் இருந்தது. மகளுக்கு இரண்டரை வயது. அவள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களையெல்லாம் கணினிக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவேன். பத்திரமாக இருக்கிறதா என்று மனைவி கேட்டபோது, ஊரில் இருக்கிறது என்று அலட்சியமாகச் சொன்னேன்.

அண்ணனுக்குப் போன் செய்தால், பெட்டி டிவி பக்கத்தில் இல்லை என்றார். மதினி தேடிப் பரணில் இருந்து எடுத்து, தூசி தட்டி மாட்டிவிட்டார். புது வட்டு போட்ட கணினியில் இங்கிருந்து நகல்களின் பட்டியலைத் திறந்தேன். கடைசி நகல் ஏறக்குறைய மூன்று வருடம் பழையது. மகள் பிறப்பதற்கு முன்பு எடுத்தது. நகல் போகவில்லை என்று திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் நாள் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. ‘பிறகு நினைவூட்டு’ என்பதை நான்தான் நாள் தவறாமல் அழுத்தினேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. யாரைக் கேட்டுக் கழற்றினீர்கள் என்று அண்ணனிடம் கத்தினேன்.

“அப்பாவ வச்சிருந்த ஐஸ் பெட்டிக்கு ஹால்ல அந்த ஒரு பிளக்குதான்டா இருந்துச்சு. மாமாதான் ஒன் பெட்டியக் கழட்டிப் பரண்ல வச்சாக. நீ வாரேன்னும் சொல்லல, வரலேன்னும் சொல்லல. ரெண்டு நாள் போட்டு வச்சிருந்தோம்.”

அப்பா தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் மேலாளர் அம்மையாரிடம் போய், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றேன். எங்கள் பக்கம் அவ்வளவுதான் சொல்வோம். ‘கெளம்புப்பா, வேலையப் பெறகு பாத்துக்கிரலாம்’ என்பது கேட்கிறவர் சொல்ல வேண்டியது. கஷ்டத்தில் இருக்கிறவனை வாய்விட்டுக் கேட்க வைக்க மாட்டார்கள். அந்த அம்மையார் முகம் வாடி, “கூட்டெ பெஸ்ஸரூங்” என்றார். சீக்கிரம் குணமாகட்டும் என்று அர்த்தம். பிறகு தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். மறுக்கிறார் என்று நினைத்தேன். கல் நெஞ்சக்காரி என்று வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். மாதங்கள் கழித்து, நீங்கள் விடுப்பே கேட்கவில்லையே என்று அவர் திகைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அண்ணனிடமும் அதையேதான் செய்திருக்கிறேன். சாவுச் செய்தி வந்ததும், இங்கே வேலை நெருக்கடி என்று சொல்லிவிட்டு, ‘நீ அலைய வேணாம், நாங்க பாத்துக்கிறோம்’ என்று அவர் சொல்லட்டும் எனக் காத்திருந்தேன். நான் கிளம்பிவிட்டேன் என்று சொல்வேன் என அவர் அங்கே காத்திருந்திருக்கிறார். அப்பா ஐஸ் பெட்டியில் காத்திருந்தார். இந்த மூன்று வருடத்தில் அண்ணன் இதை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. ஒரு பிளக்குக்காக நான் கத்தியதால் சொல்லிவிட்டார்.

அல்லிநகரத்து இணையத்தில் தவணை தவணையாக எல்லாம் வந்து சேர நான்கு நாள் ஆனது. அப்பா இறந்த அன்று காலையில் இருந்தபடியே திரை திறந்தது. நடுவில் ‘விடுப்பு’ என்று ஒரு கோப்பு. மேலாளருக்கு நான் ஜெர்மன் மொழியில் எழுதி, அனுப்பாமல் விட்ட கடிதம். மூன்று வரி. என் தந்தையின் உடல்நிலை மோசமாக உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன் என்று இருந்தது. அதிலும் நான் விடுப்புக் கேட்டிருக்கவில்லை. அனுப்பியிருந்தாலும் இன்னொரு ‘கூட்டெ பெஸ்ஸரூங்’தான் வந்திருக்கும்.

திரையின் பின்னணியில் வெகுநாளாக மகளின் படம் இருந்தது. இப்போது அங்கே அப்பா, கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்கு அடியில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். மகள் வந்து மடியில் ஏறினாள். திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நான் எங்க?” என்றாள்.

இந்தக் கணினியில் அப்பா இன்னும் சாகவில்லை, நீ இன்னும் பிறக்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் விரலை நீட்டி அப்பாவைத் தொட்டு, இது யார் என்று ஜெர்மனில் கேட்டாள்.