கையைத் தூக்கிக்கிட்டு விழுந்தேன்

எங்க பொழப்புல இருக்கறவளுக்கு ஒரு பழக்கம் உண்டுங்க. சைக்கிள்ல இருந்து விழுந்தாலும் சரி, ஈரத்துல வழுக்கி விழுந்தாலும் சரி, சோத்தாங்கையைத் தூக்கிக்கிட்டுத்தான் விழுவோம். முட்டி பேந்தா மஞ்சப்பொடி அப்பிக்கலாம். மொழங்கை தேஞ்சா தன்னால காயும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போச்சுன்னா அன்னிக்கே சோறும் போச்சு.

நான் தறிப்பட்டறைக்கு அச்சு பிணைக்கப் போறவ. தறியில ஒரு பாவு, அதான் நெடுக்க ஓடற நூல், ஓடித் தீந்ததும் புதுப் பாவை ஏத்துவாங்க. பழசோட நுனி இழையையும் புதுசோட நுனி இழையையும் ஒவ்வொண்ணா எடுத்து, சாம்பலைத் தொட்டு, ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு ஒரே முறுக்குல சேக்கோணும். ஆயிரக்கணக்குல இழை இருக்கும். கண்ணைக் கட்டிப்போட்டு உக்கார வெச்சாலும் பண்ணுவேன். இழை இருக்குதா நழுவிருச்சான்னு விரலே சொல்லிப்போடும். என்ற நாத்தனா, ஊட்டுக்காரரோட தங்கச்சி, எதிர்ல உக்காந்து இழை எடுத்துக் குடுப்பா. நான் முறுக்குவேன். ஆட்டையாம்பட்டியச் சுத்தி எந்தப் பட்டறையில பாவு தீந்தாலும் எங்களுக்குத்தான் போன் வரும். ஆளுக்கொரு சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவோம்.

அன்னிக்கு நல்ல முகூர்த்தம். காலையில மண்டபத்து முன்னாடி ரோடே அடைச்சுப்போட்டு நிக்குது காரு. சைக்கிளுக்கு என்னங்க, ஓரத்துச் சந்துல பூந்து போயிரலாம். கார்ல இருக்கறவிங்க ஏசியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோணும், நாங்க மணியடிச்சுக்கிட்டுப் போயிட்டே இருப்போம். அதுல எனக்கு ஒரு அல்பச் சந்தோசம், இல்லீன்னு சொல்ல மாட்டேன். நாத்தனா பின்னால வந்துட்டிருந்தா. ஒரு வெள்ளைக் கார், முன்னாடி பூவெல்லாம் கட்டியிருந்துச்சு. அதை ஒட்டிப் போறேன், பின் கதவு படார்னு தெறந்துச்சு. பின்னால ஆள் வருதான்னு ஒரு பார்வை பாத்தா கண்ணா அவிஞ்சுரும்? ஹேண்டில் பார் கதவு மேல மோதி, சைக்கிள் சாக்கடைப் பக்கம் சாஞ்சுது, நான் கார்ப் பக்கம் சாஞ்சேன்.

முட்டி ரெண்டும் தார்ல தேஞ்சுது. பழக்கம் விடுமா? சோத்தாங்கையைத் தூக்கிக்கிட்டேன். தூக்குன கை நேராப் போயி கதவு சாத்தற எடத்துல, கார்க் கூரையைத் தாங்கற கம்பத்தைப் புடிச்சுக்கிச்சு. கை தப்பிச்சுதுடா சாமின்னு அந்த நிமிசம் நெசமாலுமே சந்தோசப்பட்டேன்.

நிமுந்து பாத்தா உள்ள பட்டுச் சேலையில ஒருத்தி, அவளுக்கு அந்தப் பக்கம் கண்ணாலப் பொண்ணு. பார்லர்ல சோடிச்சு மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நேரமாகுது, எவ்வளவு தூரத்துக்கு வண்டி நிக்குதுன்னு எட்டிப் பாக்கறதுக்கு அம்மாக்காரி கதவைத் தெறந்திருக்கறா. என்ற மொகத்தைப் பாத்ததும் அவ மொகம் சுருங்கிப்போச்சு.

"கெரகம், பொண்ணு போறப்ப விழுந்தவ மொகத்துலயா முழிக்கறது!" அப்புடின்னா.

"அம்மா, கை, கை!"ன்னு பொண்ணு கத்துனா.

அம்மாக்காரி ஒரு கையில பொண்ணோட கண்ணைப் பொத்துனா. இன்னொரு கையில கதவை இழுத்துச் சாத்துனா. கதவு ஒட்டலை. என்ற விரல் நடுவுல இருந்தா எப்புடி ஒட்டும்? மறுக்கா ஓங்கி இழுத்தா.

நான் போட்ட கூப்பாட்டுக்கு மேளச் சத்தமே அடங்கியிருக்கும்னு நாத்தனா பின்னால சொன்னா. எனக்கு எதுவும் கேக்கலை. டிரைவர்தான் எறங்கி ஓடியாந்து கதவைத் தெறந்து கையை எடுத்துவுட்டான். எடுத்துவுட்டுப்போட்டு, துண்டை எடுத்துக் கதவு ஓரத்து ரத்தத்தைத் தொடைச்சான். மேல கீறல் உளுந்திருக்குதான்னு விரலால தடவிப் பாத்தான். முன்னாடி வண்டி நகந்துச்சு, அவனும் ஏறிப் போயிட்டான். நாசமாப் போறவிங்க, ஒருத்தராச்சும் எறங்கிப் பாக்கோணுமே!

கூடுன சனத்துக்குப் புத்தி சொல்றதுன்னா சொல்லியா குடுக்கோணும்? "பாத்து வாரக்கூடாதா அம்முணி, கார் நிக்குதுன்னா எறங்கத்தானே செய்வாங்க"ன்னு ஒருத்தர். மண்டபத்து ஆள் ஒருத்தன் வந்து, "இங்க உக்காந்து அழுவாதீங்க, நல்ல காரியம் நடக்குது, அக்கட்டால போயிருங்க"ன்னான். என்னையத் தூக்கிப் பக்கத்து டீக்கடைக்குப் பின்னால குப்பைத் தொட்டிகிட்ட உக்கார வெச்சாங்க. நாத்தனா மாராப்புத் துணியக் கிழிச்சுக் கட்டிவுட்டு ஓன்னு அழுதா. அழுதுட்டிருக்கையிலயே அவளுக்குப் பட்டறையில இருந்து போன். என்னைய ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போட்டு அவ பட்டறைக்குப் போனா. தறி நிக்குதுங்களே, போகாம என்ன பண்ணுவா.

கொஞ்ச நாள் கழிச்சு, ஒடைஞ்ச எலும்பு கூடிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நரம்பு செத்துப்போச்சு, அது வந்தா உண்டு, வராட்டி இல்லைன்னாங்க. பெருவிரல் மடங்கும், சேந்து புடிக்காது. ஆள்காட்டி விரல்ல ஊசியக் குத்துனாலும் தெரியாது. பாக்கறதுக்கு என்னமோ நல்ல விரலாட்டந்தான் இருக்கும்.

கட்டுப் பிரிச்சதும் பட்டறைக்குப் போனேன். உக்காந்தா எல்லாம் வந்துரும்னு ஒரு நம்பிக்கை. நாத்தனா இழை குடுத்தா. வாங்குனேனா இல்லையான்னே எனக்குத் தெரியலை. குனிஞ்சு பாத்துப் பாத்து, கண்ணுல தண்ணி வடிய வடிய முறுக்குனேன். பொழுது சாஞ்சுதான் முடிஞ்சுது. தறியை ஓட்டுனதும் நான் சேத்த பக்கம் பூராப் படபடன்னு அந்துக்கிட்டுப் போச்சு. தறிக்காரரு எங்களைய வையலை. சுவிட்சை அமத்திப்போட்டு வேற ஆளுக்குப் போன் பண்ணுனாரு.

வர்ற வழியில நாத்தனா சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வந்தா. "நங்கையா, கோவிச்சுக்காத. இனி உன்னையக் கூட்டிட்டுப் போனா எனக்கும் வேலை குடுக்க மாட்டாங்க"ன்னா. நங்கையான்னு கூப்புட்டாளே தவிர, அண்ணன் பொண்டாட்டிகிட்டப் பேசற மாதிரியே இல்லை, ஓடாத மோட்டாரைப் பத்திப் பேசற மாதிரி சொன்னா. அடுத்த வாரம் மல்லசமுத்திரத்துல இருந்து ஒருத்தியச் சேத்துக்கிட்டா. எனக்கு வயிறு எரிஞ்சுது, இப்பவும் எரியுது. ஆனா அவ சொன்னதுல பொய்யில்லீங்களே.

இப்ப நூல் குடோன்ல கூட்டிப் பெருக்கறேன். சீமாத்தைப் பீச்சாங்கையில புடிக்கப் பழகிக்கிட்டேன்.

போன ஆடியில ஊட்டு வாசல்ல ஒரு வெள்ளைக் கார் வந்து நின்னுச்சு. அதே அம்மாக்காரி, கூட அந்தப் பொண்ணு. தட்டுல பழம், பூவு, வெத்தலை. கதவைச் சாத்தலாம்னுதான் எந்திரிச்சேன். பொண்ணு எளைச்சுப்போயி, கண்ணு உள்ள போயி நின்னா. அவ மொகத்தைப் பாத்ததும் கை ஓடலை.

"அக்கா, மண்டபத்துப் பக்கம் விசாரிச்சு வந்தோமுங்க. இவளுக்கு வயித்துல தங்கவே மாட்டேங்குதுங்க. குறி கேட்டதுல, கண்ணாலத்தன்னிக்கு ஒருத்தி வயித்தெரிச்சல் புடிச்சிருக்குதுன்னு வந்துச்சு. பெரிய மனசு பண்ணி உங்க கையால நெத்தியில குங்குமம் வெச்சு வுடோணும்"ன்னா அம்மாக்காரி.

என்ற கை எப்புடி இருக்குதுன்னு அவ கேக்கலைங்க. பொண்ணுதான் அதையே பாத்துக்கிட்டிருந்தா. அன்னிக்கு எனக்காகக் கத்துன ஒரே சீவன் அவதானே. சரி கண்ணு, வான்னேன். மனசாரத்தான் கூப்புட்டேன்.

குங்குமத்தை எடுத்தேன். விரல்ல நிக்கலை. மறுக்கா எடுத்தேன், பொண்ணோட சேலையில கொட்டிப்போச்சு. "விரல் சேராதுங்க, பீச்சாங்கையில வெக்கட்டா?"ன்னேன்.

"அய்யய்யோ, அது ஆகாதுங்க!"ன்னு அம்மாக்காரி பதறிப்போயி என்ற சோத்தாங்கையைப் புடிச்சா. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒண்ணா வெச்சு அமுக்குனா. விரல்ல ஒண்ணும் தெரியலை, உள்ளங்கையில இருந்து தோள்பட்டை வரைக்கும் சுருக்குன்னு இழுத்துச்சு. எழுதத் தெரியாத கொழந்தை கையைப் புடிச்சு எழுத வெப்பாங்களே, அப்புடிக் குங்குமத்துல முக்கி, பொண்ணு நெத்தியில இழுத்தா. பொண்ணு கண்ணை மூடிக்கிட்டா. அவ கன்னத்துல தண்ணி வடிஞ்சுது.

அம்மாக்காரி கையை வுட்டுப்போட்டுப் பெருமூச்சு வுட்டா. மனசு நெறஞ்சு போச்சுன்னு கும்புட்டா. பொண்ணைத் தள்ளிக்கிட்டு வாசப்படி எறங்கறப்ப அவகிட்டச் சொல்றது என்ற காதுல விழுந்துச்சு.

"பாத்தியா கண்ணு, நீதான் அதையே நெனைச்சு நெனைச்சு உருகுன. கை நல்லாத்தானே இருக்குது."