அம்மா தராத டப்பா

நான் வேலை செய்யும் ஆய்வகம் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. காலையில் வார்டுகளிலிருந்து சிறு டப்பாக்களில் மல மாதிரிகள் வந்து சேரும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு உப்புநீர், குச்சி முனையில் எடுத்த சிறு துளி, பிறகு நுண்ணோக்கி. குடற்புழு பழைய காலத்து நோய் என்று வெளியில் நினைக்கிறார்கள். பாசிர் கூடாங் தொழிற்சாலை விடுதிகளில் தங்கியிருப்பவர்கள், காய்கறி பயிரிடுபவர்கள், வேறு ஏதோ நோய்க்காகப் படுத்திருக்கும் முதியவர்கள் எனப் பலருடைய வயிற்றிலும் அதைப் பார்க்கிறேன். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். டிப்ளோமா வாங்கி, வெள்ளைக் கோட்டு அணிந்து வேலைக்குப் போன முதல் நாள் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். அம்மாவுக்கு என்னைவிடப் பெருமை. கல்யாண வீடுகளில், "என் மக ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்கிறா" என்பார். ஒருமுறை, "மலமும் பார்க்கிறேன்மா" என்று நான் திருத்தியபோது தொடையில் கிள்ளினார்.

"சாப்பிடற எடத்துல அத ஏன் சொல்ற?"

அம்மா கூலாய் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். செருப்பில்லாமல் வளர்ந்து, அதே தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கி எங்களை வளர்த்தார். பட்டணத்துக்கு வந்த பிறகு முட்டிவலி. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் யாரோ விற்ற பொடியை வாங்கிச் சாப்பிட்டதும் வலி பறந்துவிட்டது. முகம் உருண்டையானது. உடம்பு தேறிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். பிறகுதான் வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கின. என் மருத்துவமனையிலேயே சேர்த்தோம்.

மருத்துவர் பொடியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார். தோட்டத்து மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும் ஒரு மெல்லிய புழு ஆயுள் முழுக்க உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும். ஸ்டீராய்டு உடம்பின் காவலைக் குறைத்துவிட்டால் அது பெருகிக் குடலைத் தாண்டிப் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார். மலத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு மருந்தைத் தொடங்கலாம் என்றார்.

நான் கீழே காத்திருந்தேன். நாட்கள் போயும் அம்மாவின் டப்பா வரவில்லை.

வார்டுக்குப் போனால் தாதி சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன ஆன்ட்டி, இன்னைக்கும் இல்லையா?"

"நீங்க கொடுக்கிற கஞ்சிக்கு என்னத்த மிஸி வரும்? ஒரு பிரட்டல் கறி கொண்டு வாங்க, டப்பா பத்தாது" என்றார் அம்மா. வார்டே சிரித்தது.

பக்கத்துக் கட்டில் அம்மாள்தான் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "பாப்பா, உங்கம்மா தெனமும் காலையில கக்கூஸ் போறாங்கதான். டப்பாவ மட்டும் தலகாணிக்கு அடியில வச்சிருக்காங்க."

நான் திரும்பிப் போய் அம்மாவின் முன்னால் நின்றேன். மறைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீ வெள்ளக் கோட்டு போட்டு உக்காந்திருக்கிற எடம். அங்க பெத்தவளோடத அனுப்பவா? புழு இருந்தா? ஒங்கூட வேல செய்றவங்க, தோட்டத்து ஜனம், புழு புடிச்ச ஜனம்னு பேச மாட்டாங்களா?"

"எல்லா ஜனத்துக்கும் இருக்கும்மா. நான் தெனமும் பாக்கிறேன்."

"பாரு. என்னோடது வேணாம்."

"உயிர் போயிரும்மா."

"வயித்து வலிக்கெல்லாம் யாரு உயிரு போகுது?" என்றார். பிறகு என் கண்களைப் பார்த்துவிட்டு, "சரி, அழாத. நாளைக்குக் குடுக்கிறேன்" என்றார்.

அன்று மாலையே அம்மாவுக்கு மூச்சு முட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் மூச்சுக்கான குழாய் போட்டார்கள். அந்தக் குழாய் வழியாக எடுத்த சளி ஆய்வகத்துக்கு வந்தது. நானே பார்க்கிறேன் என்றேன்.

சளியில் புழு இருக்கக் கூடாது. இருந்தது. நூல் துண்டு போன்ற இளம்புழுக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன. உறுதி செய்ய இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பது விதி. பக்கத்து மேசை மலாய்த் தோழியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள், ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தொலைபேசியை எடுத்து மருத்துவரை அழைத்தாள்.

மருந்தை மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் இன்னொரு குழாயில் செலுத்தினார்கள். புழுக்கள் சுமந்து போன குடற்கிருமிகள் அதற்குள் ரத்தத்தில் கலந்திருந்தன. அம்மா கண் விழிக்கவில்லை.

காரியம் முடிந்ததும், அதே தோட்டத்தில் வளர்ந்த அப்பாவையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து, டப்பாவை ஆய்வக முகப்பில் எல்லோரும் பார்க்க வைத்தார். "என்னோடதும்மா" என்றார் சத்தமாக. எடுத்துப் போய்ப் பார்த்தேன். அவருக்கும் இருந்தது.

மருந்தகத்தில் வாங்கிய மாத்திரைகளில் பாதியை அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து விழுங்கினார். பாட்டில் தண்ணீரை மூடிவிட்டு, வேறு எதையோ எதிர்பார்ப்பவர்போல என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இன்னிக்கு இவ்வளவுதான்பா. நாளைக்கு ஒரு தடவ."

அப்பா பாதி காலியான மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த வரிசை நாற்காலிகளில், எல்லோர் நடுவிலும், வாய்விட்டு அழுதார்.