மெர்வினுக்காக ஒரு ஜெபக் குறிப்பு

ராஜகீழ்ப்பாக்கத்தில் ரத்தினபாய்க்குத் தெரியாத சேதி கிடையாது. அதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டாள். "எனக்கென்னம்மா தெரியும்" என்று ஆரம்பித்துத்தான் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பாள். தெற்கே நாசரேத் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் தாம்பரம் வந்து, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் காலமெல்லாம் எழுத்தராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார். மகள் வெளிநாட்டில். அந்த வீட்டில் இப்போது சத்தம் போடுவது அவளும் தண்ணீர் மோட்டாரும்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் வீடு நிறைந்துவிடும். சபைப் பெண்கள் கூடுகிற வீட்டு ஜெபம் அன்றைக்கு அவள் வீட்டில். ஒரு பாட்டு, ஒரு வேத பகுதி, அதற்குப் பிறகு ஜெபக் குறிப்புகள். யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். வம்பு பேசுவது பாவம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஜெபக் குறிப்பு பாவமில்லை. யார் வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் மகன் வேலையை விட்டான் என்பதையெல்லாம் கண்ணை மூடி, முக்காடு போட்டுக்கொண்டு கேட்டால் அது வம்பில் சேராது என்று அந்தப் பெண்கள் மனசார நம்பினார்கள். ரத்தினபாய் எல்லோரையும்விட அதிகமாக நம்பினாள்.

அவள் மெர்வினைப் பார்த்தது பல்லாவரத்தில், வெள்ளிக்கிழமைச் சந்தையில். பழைய மிக்சி ஜாருக்கு மூடி தேடி, பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் அலைந்துகொண்டிருந்தாள். ஒயின் ஷாப் இருக்கிற சந்தின் முனையில் ஒரு பையன் தள்ளாடினான். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். யாரென்று பார்த்தால் இரும்புலியூர் பேபியின் மகன். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் அவளிடம் வசனம் ஒப்பித்தவன், இப்போது விமான நிலையத்துப் பக்கம் சரக்கு அலுவலகம் ஒன்றில் நல்ல வேலையில் இருப்பவன். 'இவனா!' என்று அவளுக்கு நெஞ்சு பகீரென்றது. தன்னைப் பார்த்தால் பிள்ளை கூசிப்போவானே என்று குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள். எவ்வளவு நாசூக்காக நடந்துகொண்டோம் என்று வழியெல்லாம் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுடைய முறை வந்தபோது, "மெர்வின்னு ஒரு பையன். இரும்புலியூர் பேபியோட மகன். குடிப்பழக்கத்துல இருந்து ஆண்டவர் அவனுக்கு விடுதலை தரணும்" என்றாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கண் பார்த்ததற்கும் வாய் சொன்னதற்கும் நடுவில் அந்தக் குடி எங்கே வந்து ஏறிக்கொண்டது என்பதை அவள் கவனிக்கவில்லை.

பக்கத்துத் தெரு ஏஞ்சல் அன்றைக்கு மெர்வினுக்காக அழுது ஜெபித்தாள். "அப்பா, அந்தத் தாயோட கண்ணீரைப் பாருங்கப்பா" என்று அவள் கதறியதும் ரத்தினபாய்க்கும் கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு வாரா வாரம் மெர்வின் ஒரு ஜெபக் குறிப்பாகக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தான். ஏஞ்சலின் மாமியார், "வேலைக்குக்கூட ஒழுங்காப் போறதில்லையாம்" என்றாள். இன்னொருத்தி, "அந்த அம்மா யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசறதில்ல, பாவம்" என்றாள். அப்படியென்றால் நாம் நினைத்தது சரிதான் என்று ரத்தினபாய் தலையை ஆட்டிக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ஏசுதாசன் அவளிடம் விசாரித்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அதே சபை. அவருடைய மகள் அபிகாயிலுக்கு மெர்வினைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துப் போயிருந்தது. ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் அவளை ஓரமாக அழைத்து, "அந்தப் பையனைப் பத்தி ஒரு மாதிரி காதுல விழுதே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார்.

"நானா ஒண்ணும் சொல்லக் கூடாது அண்ணா. ஆனா எல்லாரும் சொல்றாங்க. இத்தனை பேர் சொல்றது பொய்யாவா இருக்கும்?" என்றாள் ரத்தினபாய்.

சம்பந்தம் அதோடு நின்றுபோனது. ஒரு பெண்ணைக் குழியில் விழாமல் காப்பாற்றிவிட்டோம் என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து பேபி வந்தாள். ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக்காரி, ரத்தினபாயை சொந்த அக்காவாக நினைப்பவள். கொய்யாப்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தவுடன் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மெர்வினுக்கு உள்காதுல ஏதோ கோளாறுக்கா. திடீர்னு தலை சுத்தும், நிக்கவே முடியாது. மொதல்ல பல்லாவரம் சந்தையிலதான் வந்துச்சு. சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னிருக்கான், ஒரு ஆளு தண்ணி குடுக்கல. அதுக்கப்புறம் லீவு போட்டுட்டு டாக்டர், ஸ்கேன்னு அலைஞ்சோம். இப்போ மாத்திரையில பரவாயில்ல. இந்த நேரம் பார்த்து யாரோ குடிகாரன்னு கிளப்பிவிட்டுட்டாங்கக்கா. நல்ல இடம் கை நழுவிப் போச்சு. புள்ள சரியா சாப்பிடறதில்ல."

ரத்தினபாய் கொய்யாப்பழப் பையை ஓரமாக நகர்த்தினாள். "யாருன்னு தெரியுமா பேபி?"

"தெரிய வேணாம்கா. தெரிஞ்சா சாபம் விட்டுடுவேன். நீங்க ஜெபிச்சா கேட்கப்படும். அவனுக்காகவும் ஜெபம் பண்ணுங்க, அதைக் கிளப்பினவங்களுக்காகவும் பண்ணுங்க."

பேபி தலையைக் குனிந்துகொண்டாள். ரத்தினபாய் அவள் தலையில் கையை வைத்து ஜெபித்தாள். வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. பேபி போன பிறகு அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், ஏன் கழுவினோம் என்று அவளுக்கே புரியவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகத் தன்னையே கேட்டுக்கொண்டாள். சந்து, தள்ளாட்டம், சுவர், கை, மூடிய கண். பார்த்தது அவ்வளவுதான். கையில் பாட்டில் இல்லை. வாடை அடித்ததா என்றால் அவள் கிட்டவே போகவில்லையே. அப்புறம் எல்லாரும் சொன்னார்களே? ஏஞ்சலுக்கு யார் சொன்னது? அவள் மாமியாருக்கு? ஒவ்வொருத்தராகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் கடைசியில் செவ்வாய்க்கிழமையில், தன் நாற்காலியில் போய் முடிந்தது. தான் அனுப்பிய சேதி தெருவெல்லாம் சுற்றிவிட்டுத் தன் வாசலுக்கே வந்தபோது, புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திறந்து உட்கார வைத்திருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

செவ்வாய்க்கிழமை பாட்டு முடிந்ததும் முந்திக்கொண்டு சொன்னாள். "மெர்வினுக்குக் குடிப்பழக்கம் இல்ல."

"ஸ்தோத்திரம்!" என்று ஏஞ்சல் கைதட்டிவிட்டாள். "பார்த்தீங்களா, ஜெபத்துக்குப் பதில் வந்துடுச்சு!"

"இல்ல ஏஞ்சல், நான் சொல்றதைக் கேளு. அவன் முன்னாடியும் குடிச்சதில்ல."

"அதான் அக்கா. ஆண்டவர் மன்னிச்சுட்டா அதை நினைக்கிறதே இல்ல. நாம மட்டும் எதுக்குப் பழசைப் பேசணும்?"

மற்றவர்கள் ஆமென் என்றார்கள். யாரோ நன்றிப் பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுக்க, அறையே எழுந்து நின்று பாடியது. இல்லாத குடியை அவனுக்குக் கொடுத்ததும் இவர்கள்தான், இப்போது அதிலிருந்து விடுவித்ததும் இவர்கள்தான். கத்திச் சொல்லியிருக்கலாம். 'நான்தான் கதை கட்டிவிட்டேன்' என்று ஒரு வார்த்தை போதும். அத்தனை முகங்களும் தன் பக்கம் திரும்பும் என்று நினைத்ததும் நாக்கு எழவில்லை. கேவலம், அவளும் சேர்ந்து பாடினாள்.

மறுநாள் காலையில் ஏசுதாசன் வீட்டுக்குப் போனாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"ஒருத்தர் பேச்சை நம்பி நான் முடிவு பண்றதில்லம்மா. மூணு இடத்துல கேட்டேன். ஏஞ்சல், அவங்க மாமியார், அப்புறம் நீங்க."

"அந்த மூணும் நான்தான் அண்ணா. அவங்க ரெண்டு பேரும் என்கிட்ட கேட்டதைத்தான் சொன்னாங்க. நான் அவங்க சொல்றதா உங்ககிட்ட சொன்னேன்."

அவர் மடித்த செய்தித்தாளை இன்னொரு முறை மடித்தார். "சரி. இப்போ குடிக்க மாட்டான்னு எப்படித் தெரியும்?"

"அவங்க அம்மா சொன்னாங்க."

"அம்மா வேற எப்படிம்மா சொல்வாங்க?"

'எனக்குத் தெரியும்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் விழுங்கிக்கொண்டாள்.

"குடிப்பானா மாட்டானான்னு எனக்குத் தெரியாது அண்ணா. ஒரு பையன் தள்ளாடி, சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு கண்ணை மூடி நின்னான். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். மீதியெல்லாம் நானா சேர்த்தது. நீங்களே நேர்ல போய்ப் பாருங்க. டாக்டர்கிட்ட கேளுங்க. என் பேச்சை மட்டும் எடுத்துக்காதீங்க."

காபி கொண்டுவந்த அபிகாயில் தம்ளரை நீட்டாமலே நின்றாள். கண் சிவந்திருந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு நின்னாருன்னு சொல்றீங்களே ஆன்ட்டி. கிட்ட போய் என்னாச்சுன்னு கேட்டீங்களா?"

"இல்லம்மா. அவனுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"கீழ விழுந்திருந்தா?"

ஏசுதாசன், "நான் யோசிக்கிறேன்மா" என்று மட்டும் சொன்னார். காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கிருந்து இரும்புலியூர் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். பூப்போட்ட குடையை மடக்கிக்கொண்டு பேபி வீட்டு மணியை அடித்தாள். மெர்வின்தான் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான்.

"வாங்க ஆன்ட்டி. அம்மா காய் வாங்கப் போயிருக்காங்க, இப்போ வந்துடுவாங்க."

அவள் வாசலிலேயே நின்றாள். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டாள். "தம்பி, பல்லாவரம் சந்தையில சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னியே. என்னப்பா ஆச்சு உனக்கு?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த குடையைப் பார்த்தான்.

"அது நீங்கதானா ஆன்ட்டி? யாரோ தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு. கூப்பிடலாம்னு நினைச்சேன். வாயைத் திறந்தா வாந்தி வரும்போல இருந்துச்சு. கண்ணைத் திறந்து பார்க்கறதுக்குள்ள குடை திரும்பிப் போயிடுச்சு."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான், அவ்வளவுதான். உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உட்காருங்க ஆன்ட்டி."

"வேணாம்பா. உங்க அம்மா ஒருத்தருக்காக என்னை ஜெபம் பண்ணச் சொன்னா. அது யாருன்னு அவகிட்ட சொல்லணும்" என்றாள் ரத்தினபாய். "நின்னுக்கிட்டே சொல்றேன்."