றோட்டைப் பார்த்து நின்ற கார்

என் காரை நான் ஒருநாளும் வீட்டைப் பார்த்து நிறுத்தியதில்லை. வளவுக்குள் பின்பக்கமாகத்தான் ஏற்றுவேன். முன்பக்கம் வாசல் படலையையும் அதற்கு அப்பால் றோட்டையும் பார்த்துக்கொண்டு நிற்கும். தாங்கியில் பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டேன். ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு, "வெளிய எடுக்கச் சுகம்" என்று சொல்லி வைத்தேன். அந்தக் காரை வெளியே எடுப்பதே மாதத்தில் ஒரு தடவை. அதற்கென்ன சுகமும் லேசும் வேண்டிக் கிடக்கிறது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. என் மனைவி மட்டும்தான் கேட்டாள், அதுவும் பல வருஷம் பொறுத்திருந்து.

சிவப்புக் கார். இரண்டே கதவு. யப்பான்காரன் வேகப் பைத்தியங்களுக்கென்று செய்த சாதி. புத்தளத்தில் நான் டிங்கர் வேலை செய்த கராஜுக்கு அது மரத்தில் மோதி, மூக்கு நசுங்கி வந்தது. சொந்தக்காரன் பழைய இரும்புக்குப் போடச் சொன்னான். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வருஷக்கணக்கில் அதோடு மாரடித்தேன். ஸ்பிரிங்கை வெட்டி உடம்பைத் தாழ்த்தினேன். அகலச் சில்லுப் போட்டேன். பெரிய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றினேன். பாரம் குறையட்டும் என்று பின் சீற்றைக் கழற்றி எறிந்தேன். அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலுக்கு முன்னால், அப்படியொரு கார் நின்றது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு வேகம் வேண்டியிருந்தது.

ஏன் வேண்டியிருந்தது என்று சொல்கிறேன். தொண்ணூறில், எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, முசலிக் கரையில் இருந்த எங்கள் ஊரைவிட்டு, தனிநாட்டுக்குச் சண்டை பிடித்த இயக்கக்காரர்கள் எங்களை வெளிக்கிடச் சொன்னார்கள். வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லாருக்கும் அதே கட்டளைதான். வாப்பாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. என்னை முன்னால் இருத்தி, உம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். சந்தியில் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றவர்கள் மறித்து இறங்கச் சொன்னார்கள். மரத்தடியில் ஏற்கெனவே நிறைய மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் நின்றன. வாப்பா மோட்டார் சைக்கிள் திறப்பைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "கவனமா வைச்சிருங்கோ தம்பி" என்றும் சொன்னார். அந்த மரியாதையை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பிறகு புத்தளப் பக்கம் நடந்தோம். மெதுவாக வந்தபடியால்தான் பிடிபட்டோம், வேகமாக வந்திருந்தால் தப்பியிருப்போம் என்று நடக்கும்போதே நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவை யாரும் திருத்தவில்லை. யாருக்குத் தெரியும், எனக்குள் அப்படியொன்று கிடக்கிறதென்று.

சண்டை முடிந்ததும் திரும்பிப் போகலாம் என்றார்கள். வந்து பார்த்தால் ஊர் இல்லை, காடு இருந்தது. வாப்பா அதற்குள் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார். பிறகு உம்மாவும் போய்ச் சேர்ந்தார். கிணற்றுக் கட்டைத் தேடிப் பிடித்துத்தான் எங்கள் வளவு எதுவென்று கண்டுபிடித்தேன். பற்றையை வெட்டினால், காடழிக்கிறார்கள் என்று தெற்கில் பேப்பரில் எழுதினார்கள். புத்தளத்தில் இருக்கும்வரைக்கும் நாங்கள் அகதிகள். சொந்த ஊருக்கு வந்ததும் காட்டுக் கள்ளர்கள். எங்கள் வீட்டுக்குள்ளே முளைத்த உடைமரத்துக்கு இருந்த மதிப்பு எங்களுக்கு இருக்கவில்லை. எரிச்சலை எங்கே கொட்டுவது? கோடரியில்தான் கொட்டினேன்.

காரையும் கொண்டு வந்தேன். எங்கள் கிரவல் ஒழுங்கையில் அது வயிறு தேய்க்காமல் வராது. மதகைக் கண்டால் ஒரு பக்கமாகச் சரித்துச் சரித்து ஏற்ற வேண்டும். வேலைக்குப் போவது பழைய மோட்டார் சைக்கிளில்தான். முருங்கன் பக்கம் ஒரு கராஜில், உழவு இயந்திரங்களுக்குத் தகரம் ஒட்டும் வேலை. கார் தறப்பாளுக்குக் கீழே நின்றது. பதிவு எடுக்க அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "நிரந்தரமா இருக்கிறியளோ, வந்து வந்து போறியளோ?" என்று கேட்டார்கள். நாங்கள் அங்கேதான் சமைக்கிறோம், அங்கேதான் உடுப்புக் காயப்போடுகிறோம். அதெல்லாம் அவர்கள் கண்ணில் படவில்லை. றோட்டைப் பார்த்து நிற்கும் கார்தான் பட்டது.

ஒரேயொரு தடவை அதை அதன் இஷ்டத்துக்கு ஓட விட்டேன். மன்னாருக்குப் போகும் பாலத்து நேர் றோட்டில், இரண்டு பக்கமும் தண்ணீர், முன்னால் ஒரு வாகனமும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பாலத்தின் மற்றத் தலைப்பில் ஒரு ஆமிக்காரன் கையைக் காட்டி மறித்தான். இறங்கினேன். "நியம கார் எகக்", அருமையான கார் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்து, காருக்குப் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். நல்ல பெடியன், பாவம். ஆனால் திறப்பு என் கைக்குள் வெட்டும் அளவுக்கு நான் அதைப் பொத்திப் பிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் தறப்பாளை இழுத்து மூடினேன்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு இருக்கும்போது மனைவி பேச்சை எடுத்தாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதான். என்னோடு நடந்த கூட்டத்தில் அவளும் நடந்தவள்.

"காரை வித்திடுவம்."

"என்ன திடீரெண்டு?"

"திடீரெண்டு இல்ல. அது அப்பிடி நிக்கும்வரைக்கும் நாங்க இருக்க வந்தனாங்க எண்டு இந்த ஊரில ஒருத்தரும் நம்பமாட்டாங்க. நானும் நம்பமாட்டன். மாமரம் வைப்பம் எண்டா, காய்க்கும்வரைக்கும் இருப்பமோ எண்டு கேக்கிறியள்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னொருக்கா வெளிக்கிடச் சொன்னா என்ன செய்வாய்? திரும்பவும் நடப்பியோ?" என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் கத்தவில்லை. எழுந்து போய்த் தறப்பாளை இழுத்துக் கீழே போட்டாள். "சரி. இப்ப சொல்லிப்போட்டாங்க எண்டு வைப்பம். வாங்கோ, ஏறுவம்" என்று பிள்ளைகள் மூன்று பேரையும் கூப்பிட்டாள்.

நான் ஓட்டும் சீற்றில் இருந்தேன். மகன் பக்கத்துச் சீற்றில் பாய்ந்து ஏறினான். பெரிய மகள் அவனை நெரித்துக்கொண்டு இருந்தாள். சின்னவள் பின்னால், சீற் இல்லாத இடத்தில், மாற்றுச் சில்லுக்கும் சாமான் பெட்டிக்கும் நடுவில் வெறுந்தகரத்தில் குந்தினாள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, ஒரே சிரிப்பு. மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"நான் எங்க இருக்கிறது?" என்றாள்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். முன்னால் பார்த்தேன். இடம் இல்லை. இத்தனை வருஷமாகத் தேய்த்துத் துடைத்த காரில் என் பெண்சாதிக்கு இடம் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கலியாணம் முடித்த பிறகும், பிள்ளைகள் பிறந்த பிறகும், அந்தக் காரை ஒரு பதினொரு வயதுப் பொடியன் தான் மட்டும் தப்பி ஓடுவதற்குச் செய்துகொண்டிருந்திருக்கிறான். வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதோட, சந்தியில முதல் வாங்குறது வாகனத்தைத்தானே," என்றாள் அவள், சாதாரணமாக. "உங்கட வாப்பாட மோட்டார் சைக்கிளையும் வாங்கினாங்க. நான் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

விற்பதென்று முடிவாயிற்று. வவுனியாவிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, தடவி, "ரயர் தேயவே இல்லை அண்ணை. இவ்வளவு வேலை செய்துபோட்டு ஏன் ஓடாமல் வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டான். ஸ்பிரிங்கைப் பற்றிச் சொன்னேன். மதகில் சரித்து ஏற்றும் விதத்தைக் காட்டினேன். திறப்பைக் கையில் கொடுக்கும்போது, "கவனமா வைச்சிருங்கோ தம்பி" என்று வாய்க்குள் வந்தது. கடித்து விழுங்கிவிட்டேன். காரின் சத்தம் பெரிய றோட்டில் ஏறிக் கரைந்து போகும்வரைக்கும் படலையில் நின்றேன்.

இனியாவது ஊர் நம்பும் என்று நினைத்தேன். அடுத்த நாளே தேத்தண்ணிக் கடையில் என் பெரியவாப்பாவின் மகன், "என்ன தம்பி, காரை வித்திட்டியாம். புத்தளத்தில காணி எடுக்கப் போறியோ?" என்று கேட்டார். கடையில் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். கார் நின்றால் ஓட நிற்கிறான், கார் போனால் ஓடுகிறான். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கார் நின்ற இடத்தில் மனைவி மாங்கன்று வைத்தாள். கொஞ்ச நாள் கழித்து, சின்ன மகளுக்குப் பள்ளிக்கூடம் போக ஒரு சைக்கிள் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் பிள்ளைகளில் அவள் ஒருத்திதான் இந்த ஊரிலேயே பிறந்தவள். அவளை ஒருநாளும் யாரும் எங்கிருந்தும் வெளிக்கிடச் சொன்னதில்லை. முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். படலைக்குள் இறங்கி, சைக்கிளைப் பின்பக்கமாகத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து, மாங்கன்றுக்குப் பக்கத்தில் முன்சில்லு றோட்டைப் பார்க்க நிறுத்தினாள்.

"ஏன் மகள் இப்பிடி வைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"வெளிய எடுக்கச் சுகம் வாப்பா," என்றாள்.