எடுக்காத போனில் கேட்ட பாட்டு

விழுப்புரத்தில் பாண்டி ரோட்டை ஒட்டி ஒரு மல்லாட்டை மண்டி. அங்கே உடைத்த நிலக்கடலைப் பருப்பில் சொத்தையும் கல்லும் பொறுக்குகிற பெண்களில் ஒருத்தி சவுரியம்மாள். வயசு ஐம்பத்தெட்டு. அவள் அப்பாவுக்கு இரண்டு தாரம். மூத்தவள் இவளைப் பெற்ற மூன்றாம் வருஷமே காமாலையில் போய்ச் சேர்ந்தாள். இளையவளுக்குப் பிறந்தவன் பிரான்சிஸ். தாய் வேறு என்றாலும் இரண்டும் ஒரே தட்டில் கை விட்டுத் தின்ற பிள்ளைகள். பெரியவர்கள் எல்லாரும் போன பிறகு, பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிஞ்சியது திண்டிவனத்தில் ஆட்டோ ஓட்டுகிற அந்தத் தம்பி ஒருத்தன்தான்.

கட்டிக்கொண்டவர் அந்தோணிசாமி, பெருமுக்கல்காரர். அதே மண்டியில் மூட்டை தூக்கினார். பிள்ளை இல்லை. தம்பி மகள் அருணாவை ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் இவர்கள்தான் வைத்துக்கொண்டு படிக்க வைத்தார்கள். அருணா இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். போன ஆவணியில் அந்தோணிசாமி காய்ச்சல் என்று படுத்தார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அடுத்து வருகிற கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டமாட்டார்கள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏற்றமாட்டார்கள். பாட்டுச் சத்தமே கூடாது. பண்டிகைக்கு முன்னால் பிறந்த வீட்டுக்காரர்கள் பலகாரமும் புதுச்சேலையும் கொண்டுவந்து, புருஷனை இழந்தவள் தலையில் எண்ணெய் தொட்டு வைத்து, ஒரு வாய் ஊட்டிவிட்டால்தான் துக்கம் கலையும். அதுவரை அவள் இன்னொரு வீட்டு வாசற்படி மிதிக்கக்கூடாது. யாரும் வராமல் போனால் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்படியே கிடக்க வேண்டியதுதான். முப்பதாம் நாள் பூசை முடிந்து கிளம்பும்போது பிரான்சிஸ் சொன்னான்: "டிசம்பர் பொறக்கட்டும்க்கா. போன் பண்ணிட்டு வர்றேன்."

அந்தப் போனுக்குத்தான் அவள் காத்திருந்தாள்.

அந்த வருஷம் ஜாய்லின் என்று ஒரு பாட்டுக்காரி, சென்னைப் பெண், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மேடையில் குதித்துக் குதித்துப் பாடுகிறவள், கிறிஸ்துமஸ் பாட்டாகவே எட்டுப் பாடி ஒரு ஆல்பம் போட்டிருந்தாள். நவம்பர் கடைசியிலிருந்து டீக்கடை, செல்போன் கடை, டவுன் பஸ் எல்லா இடத்திலும் அதுதான். கோயிலுக்கு முன்னால் நிற்கிற பெரியவர்கள், "சாமி பாட்டா இது? கல்யாண ஊர்கோலம் மாதிரி கீது" என்று முகம் சுளித்தார்கள். பிள்ளைகள் அதையேதான் கேட்டார்கள்.

எட்டில் ஒன்றை அருணா காலர் டியூனாக வைத்திருந்தாள். அவளுக்குப் போன் போட்டால், முதலில் மணிச்சத்தம், பிறகு மேளம், பிறகு அந்தப் பெண்ணின் குரல்: "வாங்க, வாங்க, உள்ள வாங்க, ஒக்காருங்க, சாப்ட்டீங்களா?" எதிர்வீட்டுச் சொந்தக்காரி கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். முதல் தடவை கேட்டபோது சவுரியம்மாள், "ஆங், சாப்ட்டேம்மா" என்று பதிலே சொல்லிவிட்டாள்.

கம்பெனிக்குள் போனால் அருணா போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அது சவுரியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடிப்பாள். பாட்டு முழுக்க ஓடி, எடுக்கவில்லை என்று சொல்லிக் கட்டாகும். மறுபடியும் அடிப்பாள். சோற்றுக் கிண்ணம் மடியில் அப்படியே இருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்து பருப்புப் பொறுக்குகிற கோவிந்தம்மாள் வாய் சும்மா இருக்காதவள். "யாருக்கும்மா தெனம் போன் போடற? ஒரு வார்த்த பேசவே மாட்டன்ற?"

"ராங் நம்பரு."

"ராங் நம்பருக்கா இவ்ளோ நேரம் காது குடுத்துக்கினு கீற? ஆளு யாருனு சொல்லு, ஜல்தியா பேசி முடிச்சிடலாம்."

சவுரியம்மாள் சிரித்துவிட்டாள். ஆவணிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், பாட்டுக்கு முன்னால் ஒரு குரல் வந்து, இந்தப் பாட்டு உங்களுக்கும் வேண்டுமானால் ஸ்டார் பட்டனை அமுக்குங்கள் என்றது. அது அவள் காதில் ஏறவில்லை. போனில் பருப்புத் தூசி படிந்திருந்தது. முந்தானையால் பட்டன்களை அழுத்தித் துடைத்தாள். துடைத்ததில் ஸ்டார் அமுங்கியது. கொஞ்ச நேரத்தில் இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தது. போன் கம்பெனிக்காரன் வழக்கமாக அனுப்புவது என்று விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு யார் போன் போட்டாலும் அவர்கள் காதில் ஜாய்லின் பாடினாள். இவளுக்கு மட்டும் தெரியாது. கூப்பிடுகிறவர்களுக்குத்தானே கேட்கும்.

டிசம்பர் எட்டாம் தேதி காலையில், மண்டியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், பிரான்சிஸ் மூன்று தடவை அடித்திருக்கிறான். சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு பார்த்துவிட்டு இவள் அடித்தாள். கட் பண்ணினான். சவாரியில் இருப்பான் என்று நினைத்தாள். சாயங்காலம் அடித்தாள், கட் பண்ணினான். மறுநாளும் அப்படியே. அதற்கப்புறம் அவன் எடுக்கவுமில்லை, அடிக்கவுமில்லை. பெருமுக்கலிலிருந்து புதன்கிழமை தவறாமல் பேசுகிற நாத்தனாரும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அருணா பேசும்போது, "அப்பா எதுனா சொன்னாராம்மா?" என்று சவுரியம்மாள் கேட்டாள். "இல்லத்தை, நான் வீட்டுக்கே போவல" என்றாள் அருணா. அத்தைக்குப் போட்டபோது அவள் காதிலும் ஜாய்லின்தான் பாடினாள். பாட்டைக் கேட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எல்லார் போனிலும் அதுதானே என்று.

தெருவில் வீட்டுக்கு வீடு வண்ண விளக்கு ஏறியது. அதிரசப் பாகு வாசனை வந்தது. சவுரியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு, தான் என்ன தப்புச் செய்தோம் என்று ஒவ்வொன்றாக யோசித்தாள். பூசை அன்றைக்குத் தம்பி பெண்டாட்டியைச் சரியாகக் கவனிக்கவில்லையோ? அவருடைய வாட்சைத் தம்பிக்குக் கொடுக்காமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறோமே, அதுவோ? தேதி பதினெட்டு ஆகிவிட்டது. ஒரு வருஷம் யார் வீட்டுப் படியும் ஏறாமல் இருப்பது எப்படி?

மறுநாள் அவள் போன் மடியிலிருந்து நழுவிப் பருப்புக் குவியலுக்குள் போய்விட்டது. "இரு, அடிக்கறேன், சத்தம் வரும்" என்று கோவிந்தம்மாள் தன் போனிலிருந்து அடித்தாள். காதில் வைத்தவள் வாயைப் பிளந்தாள்.

"எம்மா சவுரி! உன் போன்ல ஜாய்லின் பாட்றா! வாங்க வாங்கன்றா! துக்கத்துல கீறவ இதப் போயி வச்சிருக்கிற?"

சவுரியம்மாள் அந்தப் போனை வாங்கிக் காதில் வைத்தாள். தனக்குப் போன் போட்டால் என்ன கேட்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டாள். இந்தப் பாட்டு வேண்டுமானால் ஸ்டார் பட்டனை அமுக்குங்கள் என்று நடுவில் ஒரு குரல் சொன்னபோது, முந்தானையால் பட்டன்களைத் துடைத்தது ஞாபகம் வந்தது. குவியலுக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் திண்டிவனம் பஸ் ஏறினாள். தம்பி வீட்டுக்குப் போகக்கூடாது. மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். பிரான்சிஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்தும் துணியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாக்கா இங்க?"

"நீ வரல. அதான் நான் வந்தேன்."

"நான் எதுக்கு வரணும்? உன் ஊட்லதான் பாட்டு, கூத்துனு அமர்க்களமா கீதே. எத்தினி வாட்டி அடிச்சேன்? அடிக்க அடிக்க எவளோ ஒருத்தி வாங்க வாங்கனு கத்தறா. மாமா மண்ணுக்குள்ள போயி நாலு மாசம் ஆவுது. அவர தோள்ல தூக்கினவன் நானு. எனக்கு எப்பிடி இருக்கும்?"

"நான் வைக்கலடா."

"பின்ன, போனே வச்சிக்கினுதா?"

அடுத்த வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "பிரான்சிஸு, அக்காவ மொதல்ல ஒக்கார வைப்பா. அப்புறமா சண்ட போட்டுக்கலாம்."

பின் சீட்டில் உட்கார்ந்தாள். பிரான்சிஸ் முன்னால் உட்கார்ந்தான், திரும்பாமல். எப்படியோ பட்டன் அமுங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவன் நம்பமாட்டான். நம்ப வைக்க வேண்டுமென்றால், வெட்கக்கேடானது என்று நினைத்து யாரிடமும் சொல்லாததைச் சொல்லியாக வேண்டும். சொன்னாள். தினமும் மத்தியானத்தில் அருணாவுக்குப் போட்டுக் கேட்டதை, தூசி துடைத்ததை, எல்லாம்.

"அருணா எடுக்கமாட்டானு தெரியுமில்ல?"

"தெரியும்."

"எடுக்கற நேரத்துல அடிக்கறதுதான?"

"எடுத்தா இன்னாடா பேசறது? அது வேலையில களைச்சிக் கெடக்கும். அந்தப் பாட்டுல ஒருத்தி சாப்ட்டீங்களானு கேக்கறா. உங்க மாமா போனப்புறம் என்னிய யாரும் அதக் கேக்கல. அதான், கேட்டுக்கினு இருந்தேன்."

ஒரு சவாரி வந்து நின்றது. "வேற வண்டி பாருங்க" என்றான் பிரான்சிஸ். பிறகு அக்காவை அப்படியே செல்போன் கடைக்குக் கூட்டிப்போய் அந்தப் பாட்டை எடுக்கவைத்து, விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் வந்து, "செவ்வாக்கெழம வர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

சொன்னபடி வந்தான். முறுக்கும் அதிரசமும் இளநீலச் சேலையும் கொண்டுவந்தான். உச்சந்தலையில் எண்ணெய் தொட்டு வைத்தான். அதிரசத்தில் ஒரு துண்டு ஊட்டினான். சாப்பிட்டுவிட்டுப் போவான் என்று அவள் சாம்பார் வைத்திருந்தாள். "கல்யாணச் சவாரி கீதுக்கா, பேஜாரு பண்றானுங்க" என்று அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டான். புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு அவள் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இனி யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம். எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் மண்டியில் போன் அடித்தது. பிரான்சிஸ்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான் அடிச்சேன்."

"ம்."

"ம்."

அந்தப் பக்கம் ஸ்டாண்டில் பஸ் ஹார்ன் அடித்தது, யாரோ கூட்டேரிப்பட்டு போகுமா என்று கேட்டார்கள். "போவும், ஏறுங்க" என்றான் பிரான்சிஸ். போனைக் கட் பண்ண மறந்து அப்படியே பையில் போட்டுவிட்டான் போல. வண்டி கிளம்பிற்று. சவுரியம்மாள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. கோவிந்தம்மாள் முறுக்கை நீட்டினாள். இவள் இரு என்று கையைக் காட்டிவிட்டு, அந்த ஆட்டோ போகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.