சிலுவையிலிருந்து இறக்கும்வரை

இயேசுவுக்கு ராஜ அங்கி போட்டுக் கேலி செய்த ரோமப் போர்வீரர்கள் கொடியவர்கள் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. வெயிலில் நிற்க வைக்கப்பட்டு, பொழுது போகாமல், கையில் ஒரு கைதி கிடைத்தவர்கள். அந்தச் சலிப்புக்குத்தான் பயப்படுகிறேன். அதை அம்பத்தூர்ப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் பார்த்திருக்கிறேன்.

நெருக்கடி நிலைக் காலம். யாரும் யாரிடமும் ஏன் என்று கேட்காத வருஷம். என் கணவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். மண்ணூர்பேட்டையில் எங்கள் கோயிலில் புனித வெள்ளியன்று போடும் இயேசுவின் பாடுகள் நாடகத்தில் அந்த முறை இயேசு வேடம் அவருக்கு. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்த வேடம் கட்டுபவர், பெரிய வியாழன் இரவிலிருந்து வெள்ளி மாலை மேடைச் சிலுவையை விட்டு இறக்கப்படும்வரை, வசனம் தவிர ஒரு சொல் பேசமாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய வேடத்துக்கான ஊதா அங்கிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வந்தது. கம்பெனியில் செம்புக் கம்பி களவு போயிருந்தது.

“நைட்டு எங்கய்யா இருந்தே?”

அவர் கோயில் பக்கம் கையைக் காட்டினார். “விடிய விடிய ஆராதனைல இருந்தாருங்க. இன்னிக்கி பேசமாட்டாரு,” என்றேன்.

“உன்னக் கேட்டனா?”

அவரை நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். தைத்துக்கொண்டிருந்த அங்கியோடு பின்னாலேயே ஓடினேன். நிலையத்தில் அவருடைய தவக்காலத் தாடியைப் பார்த்து ஏட்டு சிரித்தார். “இன்னா நைனா, ராஜா வேஷமாமே? எங்க, ஒரு அற்புதம் பண்ணு. அந்தக் கம்பிய வரவை, பாப்போம்.”

இன்னொரு போலீஸ்காரர் என் கையிலிருந்த அங்கியைப் பிடுங்கி என் கணவர் தோளில் போட்டார். “அண்ணாத்தே, இப்பதான் ஷோக்கா கீது!”

அடிக்கவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். அடித்திருந்தால் அழுதிருப்பேன். அந்தச் சிரிப்பில் கோபம் துளிக்கூட இல்லை.

நாடகத்தில் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து வேடம் கட்டுபவர் அதே கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். இரவெல்லாம் என் கணவரின் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவர். போய் அழைத்து வந்தேன்.

“பூரா நேரமும் உங்கூடத்தான் இருந்தானா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“இருந்தாரு சார். ஆனா, நடுவுல எனக்குக் கொஞ்சம் கண்ணசந்துருச்சு.”

அது பொய்யில்லை. அதுதான் கொடுமை.

சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பினார். “எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லும்மா. இப்பவே அனுப்பிர்றேன்.” நிஜமாகவே அனுப்பியிருப்பார் என்று இன்றும் தோன்றுகிறது.

“ஏங்க, சொல்லுங்க. கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு.”

அவர் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

மாலையில் வேறொருவரை வைத்து நாடகம் நடந்தது. நான் சிலுவையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். உடலை இறக்கி, மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டியதும் நிலையத்துக்கு ஓடினேன்.

“இறக்கிட்டாங்க! பேசுங்க!”

“நான் எடுக்கல சார்,” என்றார் லாக்கப் கம்பிக்குப் பின்னாலிருந்து. குரல் துருவேறியிருந்தது.

ஏட்டு பெல்ட்டைத் தளர்த்தினார். “இப்பதான் உசுரு வந்துச்சா, மாமே? ஐயா கேஸ எய்தி முடிச்சிட்டு ஊட்டுக்குப் பூட்டாரு. காலைல ஜெயிலுக்கு வண்டி.”

“நான் எடுக்கல.”

ஏட்டு சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். என் கணவர் மறுபடியும் சொன்னார். மறுபடியும்.