வரிசை மாறிய நாலு டிஸ்க்

யோகேஸ்வரி மதியச் சாப்பாட்டை எப்போதும் சர்வர் அறையில்தான் சாப்பிடுவாள். செங்கல்பட்டில் காத்தவராயன் நடத்தும் கல்யாண வீடியோ ஸ்டூடியோவின் மாடியில், ஒரு ஆள் கால் நீட்டினால் சுவர் இடிக்கும் சின்ன ஏசி அறை அது. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவருடைய கல்யாணத்தைப் போட்டுப் பார்ப்பாள். பார்ப்பாள் என்பதுகூடச் சரியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு வீட்டாருக்குக் கொடுத்த வீடியோவில் அது இருக்காது. கேமரா பிடித்தது பிடித்தபடி கிடக்கும் மூலப் பதிவில்தான் இருக்கும், கேமராவுக்குப் பின்னால் நின்றவனின் குரல்.

"மாப்ள, கொஞ்சம் சிரிங்க. தாலிதான் கட்டப் போறீங்க. இன்னாத்துக்கு ஊசி போட்டுக்க வந்தவன் மாரி நிக்கிறீங்க?"

அது அரவிந்தன். அவள் புருஷன். ஊரார் கல்யாணத்தையெல்லாம் படம் பிடித்தவன் ஒரு படத்திலும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு முகூர்த்தத்தை முடித்துக்கொண்டு ஈசிஆர் சாலையில் பைக்கில் வந்தவனை எதிரே வந்த லாரி கொண்டுபோனது. மிச்சமிருப்பது குரல் மட்டும்.

அதே குரலில் இன்னொன்றும் அந்தப் பதிவுகளில் வரும். "யோகா, லைட்டு." அவ்வளவுதான். கல்யாணமான புதிதிலிருந்து பல வருஷம் அவனுக்கு லைட் பிடித்தவள் அவள். பிறகு கம்ப்யூட்டர் படித்து, ஸ்டூடியோவின் பதிவுகளைக் காக்கும் வேலைக்கு வந்தாள். காத்தவராயன் பெரிய சேமிப்புப் பெட்டி வாங்கியபோது அதில் நாலு டிஸ்க்கைச் சொருகி, நாலையும் சேர்த்து ஒரே விர்ச்சுவல் டிஸ்க்காக உருவாக்கியது அவள்தான். கம்ப்யூட்டர் கண்ணுக்கு ஒன்றுதான் தெரியும். ஆனால் அப்படி ஒன்று கையில் எடுத்துக் காட்ட இல்லை. ஒவ்வொரு கல்யாணமும் துண்டு துண்டாகி நாலிலும் பரவியிருக்கும். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் கணக்குப் போட்டு அதன் பங்கைத் திருப்பித் தந்துவிடும். இரண்டு செத்தால் எல்லாம் போச்சு.

அந்தக் குரலை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. பயம். திருவிடந்தை வீட்டில் அவள் தனி. மகள் சஹானா கல்யாணம் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். அந்த வீட்டில் அவன் குரல் கேட்டால் தலை தானாகத் திரும்பும். திரும்பினால் அங்கே யார் இருக்கிறார்கள்?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஸ்டூடியோவைக் கழுவித் துடைத்து, சாமான்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அரவிந்தன் போன பிறகு, அன்றைக்கு அவளை வர வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. குங்குமம் வைக்கும் இடத்தில் தான் எதற்கு என்று அவளே லீவு போட்டுவிடுவாள். இந்த வருஷமும் போட்டாள். பதினோரு மணிவாக்கில் போன் வந்தது.

"யோகாக்கா, கோச்சுக்காத." எடிட்டர் சூர்யா. "கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

மாமல்லபுரம் போய், அங்கிருந்து வேறு பஸ் மாறி அவள் வந்து சேர்ந்தபோது, கழுவின தரை காய்ந்திருந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா பண்ண?"

"ஒரே தூசா கீதேன்னு நாலு டிஸ்க்கையும் உருவித் தொடச்சேங்க்கா. பெட்டி ஓடிக்கினு இருந்தத பாக்கல. திருப்பிச் சொருகனா, இது வேற எடத்து டிஸ்க்கு, சேத்துக்கவா, பழைய அமைப்ப அழிக்கவான்னு கேட்டுச்சு. நம்ம டிஸ்க்கப் பாத்து வேற எடம்னு சொல்லுதே, கொழம்பிக் கெடக்குன்னு..."

"அழிச்சிட்ட."

"அழிச்சா செவப்பு பூடும்னு நெனச்சேன்."

நாற்காலியில் சாய்ந்திருந்த காத்தவராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் குடுக்காத மூணு கல்யாணம் அதுல கீதும்மா. நம்ம தப்புன்னு அதுங்களுக்கு திருப்பிக் கல்யாணம் பண்ணி வெக்க முடியுமா?"

அவருக்குப் போனது மூன்று கல்யாணம். யோகேஸ்வரிக்கு ஒரு ஆள்.

அழிந்தது நாலையும் ஒன்றாகக் கோத்த அமைப்புதான், பதிவுகள் அல்ல என்று அவளுக்குத் தெரியும். அதே நாலு டிஸ்க்கை, அதே சேர்ப்பு வகையில், அதே துண்டு அளவில், உள்ளே எதையும் துடைக்காமல் மறுபடி ஒரே விர்ச்சுவல் டிஸ்க்காக உருவாக்கினால் எல்லாம் எழுந்து வந்துவிடும். வகையும் அளவும் அவள் வைத்தவை, மறக்கவில்லை. ஆனால் வரிசையும் அதேதான் இருக்க வேண்டும். வரிசை தப்பினால் பெட்டி தானாகவே கணக்கைச் சரிபார்க்கத் தொடங்கி, பொருந்தாத இடத்திலெல்லாம் மாற்றி எழுதிக்கொண்டே போகும். அப்புறம் யார் தலைகீழாக நின்றாலும் திரும்பாது.

"எது எங்க இருந்துது?"

சூர்யா தலையைச் சொறிந்தான். "நாலும் ஒரே மாரி தானக்கா கீது."

நாலையும் வெளியே எடுத்து மேஜையில் நிறுத்தினாள். ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. முன்பக்கத்தில் காற்றுப் போகத் தேன்கூடு போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். இவற்றை யாராவது உருவுவார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. அதனால் அடையாளமும் போடவில்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளக் குனிந்தபோதுதான் பார்த்தாள்.

ஓட்டைகளுக்குள் மஞ்சள்.

அரவிந்தனின் கடைசி ஆயுத பூஜை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைக்க அவனுக்குப் பொறுமை ஏது? மஞ்சள் குழைத்த சந்தனத்தில் மூன்று விரலைத் தோய்த்து, பெட்டியில் வரிசையாக நின்ற நாலு டிஸ்க்கின் முகத்திலும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான். அதுவும் கோணல். "லென்சு வழியாப் பாத்தாத்தான் உனுக்கு நேரா வரும்போல" என்று அவள் சிரித்தாள். சூர்யாவின் ஈரத்துணி மேலே இருந்ததைத் துடைத்திருந்தது. ஓட்டைக்குள் ஊறினதை எட்டவில்லை.

ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்தாள். கோடு சேரவில்லை. மாற்றி வைத்தாள். ஒன்றின் மேல்முனையில் தொடங்கிய மூன்று விரல் அடுத்ததில் கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கி, நாலாவதின் அடியில் போய் முடிந்தது. கோணலாக இழுத்ததால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருந்தது. நேராக இழுத்திருந்தால் நாலும் ஒன்றுபோல இருந்திருக்கும்.

அந்த வரிசையில் சொருகினாள். வகையைத் தேர்ந்தெடுத்தாள், அளவைக் கொடுத்தாள். உள்ளே இருப்பதைத் துடைக்கவா என்று கேட்ட இடத்தில் வேண்டாம் என்றாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. திரையில் கல்யாணங்கள் ஒவ்வொன்றாகப் பெயரோடு வரிசைகட்டி வந்து நின்றன.

"வந்துட்ச்சுண்ணா" என்றாள்.

காத்தவராயன் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். "இந்தா. இந்தப் பெட்டிக்கு நீயே வெய்ம்மா. இத்தினி வருசம் எனுக்குத் தோணல பாரு."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். விரலைத் தோய்க்கவில்லை, அப்படியே மேஜையில் வைத்தாள்.

"இதுக்கு வேணாண்ணா. ஏற்கெனவே வெச்சிருக்கு."

சூர்யா அந்தப் பக்கம் திரும்பி, துடைத்த கீபோர்டையே மறுபடி துடைத்தான்.

புறப்படும் முன், காத்தவராயனிடம் கேட்டுக்கொண்டு ஒரு பழைய பதிவின் துணுக்கைப் போனில் ஏற்றிக்கொண்டாள். பெட்டியை நம்பி இனி விட்டுவைக்க அவளுக்குத் துணிவில்லை. வீட்டில் அந்தக் குரலைக் கேட்கும் பயம் இருந்தது. இன்றைக்கு வேறொரு பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

திருவிடந்தையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வீடு இருட்டிக் கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியை ஒட்டி உட்கார்ந்து போனைத் தட்டினாள். நாதஸ்வரம், குழந்தை அழுகை, பாத்திரச் சத்தம். அதற்கு நடுவே அவன்.

"யோகா, லைட்டு."

தலை திரும்பியது. யாரும் இல்லை, இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதான் திரும்பினாள். பிறகு எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள்.